கட்டணமின்றி மின்னியல் கற்போம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

மின்சாரமின்றி ஒரு நாளைக் கழிப்பது இன்று இயலாத செயலாகிவிட்டது. விளக்கு, விசிறி, கிணற்று மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர், கையில் இருக்கும் கைப்பேசி என நம் வாழ்வின் எல்லா மூலைகளிலும் அது புகுந்து நிற்கிறது. ஆயினும் சுவிட்சைத் தட்டுகிற கைகள் பல. அதற்குப் பின்னால் என்ன நிகழ்கிறது என்று விளக்கக் கூடிய நாவுகள் சில. இயற்பியல் மாணவர்களாகிய நாம் ஓம் விதியை ஒப்புவிப்போம். கிர்க்காப் விதிகளைத் தேர்வில் எழுதுவோம். ஆனால் வீட்டு மீட்டர்ப் பெட்டியைத் திறந்து காட்டி, "இந்தக் கம்பி எதற்கு? அந்தக் கம்பி எதற்கு?" என்று ஒருவர் கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம்.

இந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ள இன்று பெரும் பொருட்செலவு தேவையில்லை. இணையத்தில் மின்னியலுக்கெனத் தரமான பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவை எவை, எந்த வரிசையில் படித்தால் பயன் தரும், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வெறும் பட்டியலாகத் தந்தால் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். ஆதலின், ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை தேடிச் செல்லும் வழியில் ஒவ்வொரு பாடத்தையும் அறிமுகம் செய்கிறேன்.

முன்னோர் கற்ற வழி

கட்டணமின்றிக் கற்பது புதிய செய்தியன்று. மைக்கேல் பாரடே 1791-ஆம் ஆண்டு ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பதினான்காம் வயதில் இலண்டனில் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்காக வந்த நூல்களை அவர் படித்தும் பார்த்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது அவ்வாறுதான். படித்ததோடு நில்லாமல், கைக்காசில் சிறு பொருள்களை வாங்கி நிலைமின்சாரம் உண்டாக்கும் பொறி ஒன்றையும் செய்து பார்த்தார். 1812-இல் கடைக்கு வந்த ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டால் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார், குறிப்பெடுத்தார், அக்குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார். 1831-இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இன்றைய மின்னியற்றிகளுக்கும் மின்மாற்றிகளுக்கும் அடிப்படை.

ஓம் விதியைத் தந்த ஜார்ஜ் ஓம் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். ஆனால் அவருடைய தந்தை தாமே முயன்று கணிதம் கற்றவர். மகனுக்கும் வீட்டிலேயே கற்பித்தார். நம் கல்லூரியில் பயிலும் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஐயம் வந்தால் வீட்டில் கேட்டுத் தெளிய ஒருவரும் இல்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதையும் இக்கட்டுரையின் போக்கில் காணலாம்.

எடுத்துக்கொண்ட கேள்வி

என் தந்தையார் வயரிங் வேலை செய்பவர். படிப்பு எட்டாம் வகுப்பு. தொழில் அனுபவம் இருபத்தைந்து ஆண்டுகள். சென்ற ஆண்டு பெருங்காற்று அடித்த ஓர் இரவில் எங்கள் தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தது. சில வீடுகளில் விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்தது. சில வீடுகளில் மின்மினி போல் மங்கியது. இரண்டு வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி புகைந்து போயிற்று. என் தந்தையார் தெருவில் இறங்கி, எல்லோரையும் மெயின் சுவிட்சை நிறுத்தச் சொன்னார். மறுநாள் என்னிடம் அவர் கேட்டது இது:

"ஏம்ப்பா, காலேஜுல கரண்டுப் பாடந்தானே படிக்கிற? நியூட்ரல் போனா கரண்டே வராம நிக்கணும்ல? எதுக்கு டிவி எரியுது? அதுவும், நிறைய லோடு போட்ட வீடு தப்பிக்குது. ஒத்த லைட்டு, ஒத்த டிவி ஓடுற வீட்டுலதான் எரியுது. அது ஏன்?"

இந்தக் கேள்வி எங்கள் பாடநூலின் பயிற்சி வினாக்களில் இல்லை. நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றில் மின்னியல் வகுப்புக்குக் கேட்ட கட்டணமோ, என் தந்தையார் ஒரு மாதம் முழுவதும் ஏணியில் ஏறி இறங்கி ஈட்டும் தொகை. ஆகவே இலவசப் பாடங்களை நாடினேன்.

முதற்படி: தமிழ்ப் பாடநூல்

முதலில் நாட வேண்டியது வெளிநாட்டுத் தளங்கள் அல்ல. நம் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முழுவதுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியில் மின்னோட்டவியல், மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும் ஆகிய இரண்டு அலகுகளை மீண்டும் படித்தாலே அடித்தளம் உறுதியாகிவிடும். அங்குள்ள கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு குறிப்பேட்டில் இரு வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். மின்தடை, மின்னழுத்த வேறுபாடு, தொடரிணைப்பு, பக்க இணைப்பு, மின்மாற்றி என்று ஐம்பது சொற்கள் போதும். பின்னர் ஆங்கில நூல்களைத் திறக்கும்போது அச்சம் தோன்றாது. ஆங்கிலம் நமக்குப் பெருஞ்சுவராகத் தோன்றுகிறது. உண்மையில் மின்னியல் ஆங்கிலம் என்பது இந்த ஐம்பது சொற்களும் அவற்றை இணைக்கும் எளிய வாக்கியங்களுமே.

நம் கேள்விக்குத் தேவையான முதற்செய்தி இங்கேயே கிடைக்கிறது. தொடரிணைப்பில் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாயும். ஆனால் மின்னழுத்தம் பங்கிடப்படும். மின்தடை மிகுந்த பொருளுக்கு மிகுந்த பங்கு. மின்தடை குறைந்த பொருளுக்குக் குறைந்த பங்கு. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: திரையில் ஓர் ஆய்வுக்கூடம்

படித்ததைச் செய்து பார்க்க வேண்டாமா? 2001-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'பெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். இதில் மின்சுற்று அமைக்கும் கருவி ஒன்று உள்ளது. மின்கலம், பல்பு, கம்பி, சுவிட்சு, வோல்ட்மீட்டர், அம்மீட்டர் ஆகியவற்றைத் திரையில் இழுத்து வைத்து நாமே சுற்று அமைக்கலாம். எலக்ட்ரான்கள் கம்பியில் நகர்வது புள்ளிகளாகத் தெரியும். மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்தால் திரையில் தீப்பிழம்பு எழும். கைக்கு ஒன்றும் ஆகாது. ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால், பின்னர் இணைய இணைப்பின்றியும் இயக்கலாம். தினசரி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் நம் போன்றோர்க்கு இது பெரிய வசதி.

இதில் செய்ய வேண்டிய முதல் சோதனை: மின்தடை மாறுபட்ட இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் வோல்ட்மீட்டரை வைத்துப் பாருங்கள். மின்தடை மிகுந்த பல்பே மிகுந்த அழுத்தத்தைப் பெற்று ஒளிரும். சூத்திரம் கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாறும் இடம் இது.

மூன்றாம் படி: மாலுமிகளுக்கு எழுதிய நூலும் ஓர் ஆசிரியரின் கொடையும்

அமெரிக்கக் கடற்படை தன் மாலுமிகளுக்குக் கற்பிப்பதற்காக 'நீட்ஸ்' என்னும் மின்னியல், மின்னணுவியல் பயிற்சித் தொடரை வெளியிட்டது. இது நம் மருத்துவ நுழைவுத் தேர்வு அன்று, பெயர்தான் ஒத்திருக்கிறது. மொத்தம் 24 பகுதிகள். அரசு வெளியீடு ஆதலால் யாரும் கட்டணமின்றிப் பெறலாம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நேரே கப்பலுக்கு வரும் இளைஞர்களுக்காக எழுதப்பட்டமையால் மொழி எளிமையானது. ஒரு கருத்தைச் சொல்லும், படம் காட்டும், உடனே கேள்வி கேட்கும், விடையை அத்தியாயத்தின் இறுதியில் தரும். முதற்பகுதி நேர்த்திசை மின்னோட்டம். இரண்டாம் பகுதி மாறுதிசை மின்னோட்டமும் மின்மாற்றியும். மூன்றாம் பகுதி பாதுகாப்பு, கட்டுப்பாடு, அளவீடு. நான்காம் பகுதி கம்பிகளும் வயரிங் முறையும். ஐந்தாம் பகுதி மின்னியற்றிகளும் மோட்டார்களும். இந்த ஐந்தே நம் தேவைக்குப் போதுமானவை.

அடுத்தது டோனி குப்கால்ட் எழுதிய 'மின்சுற்றுப் பாடங்கள்'. இவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கற்பித்தவர். யாரும் படி எடுக்கலாம், பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமத்தோடு ஆறு தொகுதிகளை வெளியிட்டார். 'ஆல் அபவுட் சர்க்கிட்ஸ்' என்ற தளத்திலும் இவற்றைக் காணலாம். இரண்டாம் தொகுதியில் பல முனை மின்சாரம் பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. நியூட்ரல் கம்பியால் என்ன பயன் என்பதை அடியிலிருந்து விளக்குவது அப்பகுதியே. என் தந்தையாரின் கேள்விக்குத் திறவுகோல் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

விடையைக் காண்போம்

நம் தெருக் கம்பத்தில் வருவது மும்முனை மின்சாரம். மூன்று பேஸ் கம்பிகள், ஒரு நியூட்ரல். ஒரு வீட்டுக்கு ஏதேனும் ஒரு பேஸும் நியூட்ரலும் செல்கின்றன. இவற்றுக்கிடையே 230 வோல்ட். அடுத்த வீட்டுக்கு வேறொரு பேஸ் சென்றிருக்கலாம். மூன்று பேஸ்களின் அலைகளும் ஒன்றுக்கொன்று 120 பாகை பிந்தி வருபவை. ஆகையால் இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள அழுத்தம் 230-இன் இரு மடங்கு அன்று. 230-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்க வருவது, அதாவது ஏறத்தாழ 400 வோல்ட்.

முருகன் வீடு, மேரி வீடு என்று இரண்டை வைத்துக்கொள்வோம். இரண்டும் வெவ்வேறு பேஸில் உள்ளன. முருகன் வீட்டில் 60 வாட் அளவுக்கு ஒரு பல்பு மட்டும் எரிகிறது. மேரி வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. மின்தடை என்பது அழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுக்க வருவது. முருகன் வீட்டு மின்தடை 882 ஓம். மேரி வீட்டு மின்தடை 53 ஓம்.

நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை இரண்டு வீடுகளும் தனித்தனிச் சுற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட். இப்போது, இரு வீடுகளுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பத்தில் அறுந்து போகிறது. மின்னோட்டம் நின்றுவிடுமா? நிற்காது. ஒரு பேஸில் புறப்பட்டு, முருகன் வீட்டுப் பல்பு வழியாக இரு வீட்டுக்கும் பொதுவான நியூட்ரல் துண்டை அடைந்து, அங்கிருந்து மேரி வீட்டு இஸ்திரிப் பெட்டி வழியாக மற்றொரு பேஸுக்குச் சென்றுவிடும். தனித்தனியாக இருந்த இரு வீடுகளும் தம்மை அறியாமலே 400 வோல்ட்டின் குறுக்கே தொடரிணைப்பாகிவிட்டன!

மொத்த மின்தடை 935 ஓம். மின்னோட்டம் 0.428 ஆம்பியர். மேரி வீட்டுக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 23 வோல்ட். இஸ்திரிப் பெட்டி சூடேறவே செய்யாது. முருகன் வீட்டுக்குக் கிடைப்பதோ 377 வோல்ட்! 60 வாட் பொருளில் 161 வாட் திறன் பாய்கிறது. அது எரியாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். முருகன் வீட்டில் வழக்கமாக ஓடும் மின்னோட்டம் 0.26 ஆம்பியர், இப்போது 0.43. பியூஸ் 5 ஆம்பியர் தாங்கக் கூடியது என்றால் அது ஏன் உருகப் போகிறது? பியூஸ் மின்னோட்டத்தைக் காவல் காப்பது, மின்னழுத்தத்தை அன்று. எனவே பியூஸ் அப்படியே இருக்கப் பொருள் எரிந்துபோகிறது. தெருவில் பல வீடுகளும் மூன்று பேஸ்களும் இருப்பதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆயினும் கருத்து இதுவே. ஒரு வீட்டில் சுவிட்சைப் போட்டால் மற்ற வீடுகளின் அழுத்தமும் மாறும். அதனால்தான் விளக்குகள் சில கூசுகின்றன, சில மங்குகின்றன. அந்த அடையாளத்தைக் கண்டவுடன் மெயினை நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குத் தெரிவிப்பதே செய்யத் தக்கது.

இக்கணக்கைத் தாளில் எழுதி என் தந்தையாரிடம் விளக்கினேன். அவர் சிறிது நேரம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, கம்மியா எடுக்கிறவன் தலையிலதான் எல்லாம் விழுது" என்றார். பிறகு, "சரி, எர்த்து எதுக்கு? நியூட்ரல் போனா சில பேரு எர்த்துல கொடுத்து லைட்டு போடுறாங்களே, அது சரியா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

சரியன்று, உயிருக்கே கேடு. நம் வீட்டில் புதைத்த எர்த் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே 10 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியே 5 ஆம்பியரைத் திருப்பி விட்டால் எர்த் கம்பியில் 50 வோல்ட் ஏறி நிற்கும். அந்த எர்த்தோடு இணைந்த கிரைண்டர், குளிர்பெட்டி, இஸ்திரிப் பெட்டி ஆகிய எல்லாவற்றின் உலோக உடலிலும் அதே அழுத்தம் இருக்கும். தாயோ தங்கையோ ஈரக் கையோடு தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எர்த் என்பது பழுது நேரும்போது மட்டும் மின்சாரத்தை ஏற்க வேண்டிய வழி. நாள்தோறும் சுமக்க வேண்டிய வழியன்று. வீடுகளில் பொருத்தும் கசிவுக் காப்புச் சுவிட்சு, போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு கண்டாலே சுற்றைத் துண்டித்துவிடும். ஆனால் நியூட்ரல் அறுந்து அழுத்தம் ஏறுவதை அதுவும் தடுக்காது. ஒவ்வொரு காவலாளியும் ஒரு வாயிலைத்தான் காக்கிறான் என்பதை உணர்ந்தால் பாதுகாப்பு பற்றிய பாதி அறிவு வந்துவிட்டது எனலாம்.

நான்காம் படி: சரிபார்க்கும் திரை

தாளில் போட்ட கணக்கைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் 400 வோல்ட்டோடு விளையாட முடியுமா? இங்கே பால் பால்ஸ்டட் உருவாக்கிய மின்சுற்று மாதிரிக் கருவி நமக்குக் கை கொடுக்கிறது. இதில் மாறுதிசை மின் மூலங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் 120 பாகை வேறுபாடு கொடுத்து, மின்தடைகளை இணைத்து, நியூட்ரலில் ஒரு சுவிட்சை வைக்கலாம். சுவிட்சைத் திறந்த நொடியில் கம்பிகளின் நிறமும் ஓடும் புள்ளிகளின் வேகமும் மாறுவதைக் காணலாம். ஒரு குறிப்பு: இக்கருவி கேட்பது உச்ச மதிப்பு. 230 வோல்ட் என்பது நாம் அன்றாடம் பேசும் பயன் மதிப்பு. ஆகவே 325 என்று கொடுக்க வேண்டும். இந்த ஒரு குறிப்பே உச்ச மதிப்பு, பயன் மதிப்பு என்ற பாடத்தை மறக்காமல் செய்துவிடும்.

ஐந்தாம் படி: பேராசிரியர்களின் வகுப்பறை

கேட்டுக் கற்க விரும்புவோர்க்கும் குறைவில்லை. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய 'என்.பி.டெல்' திட்டத்தில், பேராசிரியர் உமானந்த் அவர்களின் அடிப்படை மின் தொழில்நுட்பப் பாடமும், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் நாகேந்திர கிருஷ்ணபுரா அவர்களின் அடிப்படை மின்சுற்றுப் பாடமும் உள்ளன. கேட்பதற்குக் கட்டணமில்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டுமே கட்டணம். பல பாடங்களின் உரைவடிவம் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடங்களை உலகுக்குத் திறந்துவிடும் திட்டத்தை 2001-இல் அறிவித்தது. 2012-இல் அது இணையவழி நடத்திய முதல் பெரும் பாடமே மின்சுற்றுகளும் மின்னணுவியலும்தான். கற்பித்தவர்களுள் முதன்மையானவர் அனந்த் அகர்வால். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர்; ஏறத்தாழ 7,200 பேரே தேறினர். முழு மதிப்பெண் பெற்ற 340 பேரில் ஒருவர் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயது மாணவர். இவ்வெண்களில் இரண்டு பாடங்கள் உள்ளன. தொலைதூர நாட்டுச் சிறுவனுக்கும் அக்கதவு திறந்தே இருந்தது என்பது ஒன்று. இலவசம் என்று நுழைந்தவர்களில் இருபதில் ஒருவர்தான் இறுதிவரை நடந்தார் என்பது மற்றொன்று. விலையின்மை நுழைவதற்கு உதவும். முடிப்பதற்கு வேறொன்று வேண்டும்.

எச்சரிக்கைகள்

அயல்நாட்டு நூல்களைப் படிக்கும்போது சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வீட்டுச் சுவர்ச் சாக்கெட்டில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்சு. நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்சு. கடற்படை நூல் மின்னோட்டத்தை எலக்ட்ரான் செல்லும் திசையில், எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குக் குறிக்கிறது; நம் பாடநூல்கள் அதற்கு எதிர்த் திசையில் குறிக்கின்றன. விடை மாறாது, அம்புக்குறி மாறும். எல்லாவற்றிலும் முக்கியமானது கம்பியின் நிறம். நம் ஊர் வயரிங்கில் கறுப்பு என்றால் வழக்கமாக நியூட்ரல். அமெரிக்க வயரிங்கில் கறுப்பு என்றால் மின்சாரம் வரும் பேஸ். அங்கே நியூட்ரல் வெள்ளை. அந்த நூலை நம்பி இந்தச் சுவரில் கை வைப்பவன் நிலை என்னாகும்? கோட்பாடு எந்த நாட்டிலும் ஒன்றுதான். கம்பியின் நிறம் நாட்டுக்கு நாடு வேறு.

ஆகவே வீட்டு மின்சாரத்தில் சோதனை வேண்டாம். டார்ச் மின்கலம், சிறு பல்பு, குறைந்த விலையில் கிடைக்கும் மல்டிமீட்டர் இவை போதும்.

நம் நாட்டு முறைகளை அறிய, சென்னையிலேயே 1986-இல் தொடங்கப்பட்ட தேசியப் பயிற்றுக்கருவி நிறுவனமான 'நிமி' உள்ளது. ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் பயிற்சிக்கான நூல்களை அது வெளியிடுகிறது. 'பாரத் ஸ்கில்ஸ்' என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் காணலாம். கல்லூரி மாணவர்கள் ஐ.டி.ஐ. நூலைக் குறைவாக எண்ணுவது வழக்கம். கம்பி அளவு, எர்த் குழி தோண்டும் முறை, மீட்டர் இணைப்பு ஆகியவற்றை அந்நூல் சொல்லும் தெளிவு, நம் பட்டப் படிப்பு நூல் எதிலும் நான் கண்டதில்லை.

பயிலும் முறை

இணையத்தில் பாடம் ஏராளம். அதுவே ஒரு தொல்லையும் ஆகும். ஒன்றைத் திறந்தால் பத்து வந்து நிற்கும். பத்தையும் சேமித்து வைத்துவிட்டு எதையும் படிக்காமல் இருப்போம். இதற்கு நான் கண்ட மருந்து, ஒரு கேள்வியோடு உள்ளே செல்வதுதான். விடை கிடைக்கும்வரை அந்தக் கேள்வியை விடாதிருந்தால், எந்தப் பக்கம் தேவை, எது தேவையில்லை என்பதை அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

கல்லூரி நூலகக் கணினியில் நூல்களைத் தரவிறக்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு நான்கு பக்கம் போதும். நூல் கேட்கும் கேள்விகளுக்கு விடையைப் பாராமல் எழுதுங்கள். எண் போட்டுக் கணக்குச் செய்யுங்கள். இறுதியாக, கற்றதை ஆங்கிலம் அறியாத ஒருவருக்குத் தமிழில் விளக்குங்கள். விளக்க முடிந்த அளவே கற்ற அளவு.

கேள்விக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். நண்பர்களே, நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வீட்டில் நூல் இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்று நாம் குறைப்படுகிறோம். ஆனால் நம் வீடுகளில் கேள்விகள் நிறைந்து கிடக்கின்றன. விசைத்தறி ஓட்டும் தாய்க்குத் தெரியும், எந்த நேரத்தில் மோட்டார் இழுக்காமல் திணறும் என்று. கிணற்றுக்குக் காவல் இருக்கும் பாட்டனுக்குத் தெரியும், மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால் மோட்டார் உறுமும் ஒலி. கம்பி சூடாகுமா ஆகாதா என்பதைத் தொட்டுப் பாராமலே சொல்வார் என் தந்தையார். அவர்கள் அறிந்தது "என்ன நிகழும்" என்பதை. நாம் கற்க வந்தது "ஏன் நிகழ்கிறது" என்பதை. இரண்டும் ஒரே வீட்டில் சந்திக்கும் வாய்ப்பு நம் தலைமுறைக்குத்தான் கிட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது இரவு உணவுக்குப் பின் குறிப்பேடு விரிகிறது. தந்தையார் அன்று வேலைக்குச் சென்ற இடத்தில் கண்டதைச் சொல்கிறார். நான் படம் வரைகிறேன். தாளில் அடங்காததை மறுநாள் நூலகத்தில் தேடுகிறேன். அவருடைய அண்மைக் கேள்வி, சீலிங் பேனில் உள்ள கண்டென்சர் போய்விட்டால் பேன் ஏன் தானாகச் சுற்றாமல், கையால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றுகிறது என்பது. கடற்படை நூலின் ஐந்தாம் பகுதியில் ஒற்றை முனை மோட்டார் பற்றிய பக்கங்களை இப்போது படித்து வருகிறேன். விரும்பும் நண்பர்கள் உடன் சேர்ந்து படிக்க வரலாம். நூலகத்தில் சன்னலோர மேசையில் மாலை நான்கு மணிக்கு இருப்பேன். கட்டணம் ஏதுமில்லை, வரும்போது உங்கள் வீட்டிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டு வாருங்கள்.